சக்கரமும் ரூபாயும் இயங்குதளமும்

தேங்காய்ப்பட்டணம் எங்கே இருக்கிறது என்று நாட்டுப் படத்தில் தேடுவோர், குமரி மாவட்டத்தின் மேலைக் கடற்கரையில் குழித்துறைத் தாமிரவருணி கடலோடு கலக்கும் இடத்தைக் கண்டால் போதும். திருநெல்வேலிச் சீமையின் தாமிரவருணி வேறு, இது வேறு. பெயர் ஒன்றாயிருப்பதால் மயங்குவோர் உண்டு. தென்னையும் கயிறும் மீனும் அரபு நாட்டாரோடு நடந்த கடல் வாணிகமும் வளர்த்த ஊர் அது. நாவலாசிரியர் தோப்பில் முகமது மீரான் பிறந்த ஊரும் அதுவே. அவர் மலையாள வழியில் பள்ளிக் கல்வி பெற்றுத் தமிழில் எழுதிப் புகழ் அடைந்தவர். ஒரு முறையில் பழகி மற்றொரு முறையில் வாழ்வது அக்கரையோர மக்களுக்குப் புதிதன்று என்பதற்கு அவரே போதிய சான்று.

இன்று மாணவர் பலர் ஒரு கேள்வியை எழுப்புகின்றனர். தம் வீட்டில் உள்ள கணிப்பொறியின் இயங்குதளத்தை மாற்றலாமா, பழகியதையே வைத்துக் கொள்ளலாமா என்பதே அக்கேள்வி. பொறியியல் கேள்வியாகத் தோன்றினும், இதனை வரலாற்று மாணவனாக நின்று நோக்கவே நான் விரும்புகிறேன். அதற்குத் தேங்காய்ப்பட்டணத்தின் பழைய கணக்குப் புத்தகங்களிலிருந்து தொடங்குவது நலம்.

1949-க்கு முன்னர் அவ்வூரில் கயிறு விற்ற வணிகர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவர் ஊர் திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்தது. அங்கு 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம், அதாவது 28 சக்கரம், ஒரு திருவிதாங்கூர் ரூபாய். வெள்ளிச் சக்கரம் மிகச் சிறியது. கையால் எண்ணின் விரலிடுக்கில் நழுவிவிடும். ஆதலின் குழிகள் நிரல்நிரலாகக் குடையப்பட்ட சக்கரப் பலகை ஒன்றை வைத்து, நாணயங்களை அதன்மேல் பரப்பி அசைத்து, குழிகள் நிறைந்தவுடன் எண்ணிக்கை தெரிந்துகொள்வர். ஆனால் நாஞ்சில் நாட்டுக்குக் கிழக்கே, ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்தால், பிரிட்டிஷ் இந்திய ரூபாய். அந்த ரூபாய்க்கு 28 சக்கரமும் 8 காசும் கொடுக்க வேண்டும். அரைச் சக்கர வேறுபாடுதானே என்று தோன்றும். நூறு ரூபாய்ச் சரக்கில் அது 50 சக்கரமாகும். அதாவது ஒரு ரூபாயும் 22 சக்கரமும். கணக்கு அறியாதவன் இழந்தது அது. அறிந்தவன் ஈட்டியதும் அது.

1949-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் நாள் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாயின. அதன் பின்னர்ச் சக்கரம் வழக்கொழிந்தது; ரூபாய், அணா, பைசா என்னும் முறை நிலைத்தது. அதுவும் நெடுநாள் நிற்கவில்லை. 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. விளவங்கோட்டைச் சேர்ந்த தேங்காய்ப்பட்டணமும் எல்லையின் இப்பக்கம் வந்தது. 1957 ஏப்ரல் 1-இல் ரூபாய்க்கு நூறு நயா பைசா என்னும் பதின்ம முறை வந்தது. பதினாறு அணா நூறு பைசாவாகும்போது ஓரணா ஆறேகால் நயா பைசா ஆகிறது. கால் பைசாவுக்கு நாணயம் ஏது? எனவே ஓரணாவுக்கு 6, ஈரணாவுக்கு 12, மூவணாவுக்கு 19, நாலணாவுக்கு 25 என அரசு ஒரு பட்டியல் வகுத்தது. மூவணாவை ஒருமுறையாகக் கொடுத்தால் 19; ஓரணா ஓரணாவாக மூன்று முறை கொடுத்தால் 18. அக்காலக் கடைத்தெருவில் எழுந்த பூசல்களில் பாதி இந்த ஒரு பைசாவைப் பற்றியவையாக இருந்திருக்கும் என்று நான் ஊகிக்கிறேன். 1956-ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டத்தின்படி 1958 முதல் படிப்படியாகக் கிலோகிராமும் லிட்டரும் வந்தன. ஒரே மனிதர் ஒரு பதிற்றாண்டுக்குள் நாணயம் இருமுறையும், அளவை ஒருமுறையும், மாநிலம் ஒருமுறையும் மாறக் கண்டார். அவரை யாரும் விருப்பம் கேட்கவில்லை.

இந்த மாற்றங்களில் துன்பம் எங்கே இருந்தது என்பதை உற்று நோக்க வேண்டும். புதிய நாணயத்தைக் கையாள மக்கள் சில வாரங்களில் கற்றுக்கொண்டனர். பழைய கடன் பத்திரம், பழைய குத்தகைச் சீட்டு, பழைய பேரேடு இவற்றைப் புதிய முறைக்குப் பெயர்ப்பதே கடினமாக இருந்தது. கருவி மாறுவது எளிது. முன்னரே எழுதி வைத்தவை மாறுவது அரிது. இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு கணிப்பொறிக்கு வருவோம்.

இயங்குதளம் என்பது யாது? கணிப்பொறியின் செயலி, நினைவகம், திரை, விசைப்பலகை, அச்சுப்பொறி ஆகிய உறுப்புகளுக்கும், நாம் பயன்படுத்தும் எழுத்துச் செயலி முதலிய மென்பொருள்களுக்கும் நடுவே நின்று, யார் எப்பொழுது எதனைப் பயன்படுத்தலாம் என முறை செய்யும் அடிப்படை மென்பொருளே அது. தொடக்கக் காலக் கணிப்பொறிகளுக்கு அது கிடையாது. ஒரு கணக்கு முடிந்ததும் இயக்குநர் ஓடிவந்து அடுத்த கணக்கின் அட்டைகளை அடுக்கி, பொத்தான்களைத் திருத்தி, மீண்டும் தொடங்குவார். அந்த இடைவேளையில் பெருவிலைப் பொறி சும்மா கிடக்கும். இதனைப் பொறாத ஜெனரல் மோட்டார்ஸ், நார்த் அமெரிக்கன் ஏவியேஷன் ஆகிய இரு அமெரிக்க நிறுவனங்களின் பொறியாளர், ஒரு கணக்கிலிருந்து மறு கணக்குக்குத் தானே செல்லும் மென்பொருள் ஒன்றை ஐ.பி.எம். 704 என்னும் பொறிக்கு எழுதினர். அதுவே முதல் இயங்குதளம் எனப் பலரும் கூறுவர். ஆண்டு 1956. பொறியை விற்றவர் எழுதியதன்று அது. வாங்கியவர் தம் தேவைக்கு எழுதிக் கொண்டது. பிற்கால வரலாறு முழுவதும் இவ்விரு சாராருக்கும் இடையே நடந்த இழுபறி என்று சொன்னால் பெரிதும் தவறாகாது.

அதே 1956-ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்க நீதிமன்றம் ஒன்றில் ஓர் உடன்பாட்டுத் தீர்ப்பு எழுதப்பட்டது. ஏ.டி. அண்டு டி. என்னும் தொலைபேசி நிறுவனம் தகவல் தொடர்புக்கு அப்பாற்பட்ட தொழில்களில் இறங்கக் கூடாது என்பது அதன் சாரம். இதற்கும் நம் மாணவரின் மடிக்கணினிக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். 1969-இல் அந்நிறுவனத்தின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கினர். மென்பொருள் வாணிகம் அந்நிறுவனத்துக்கு விலக்கப்பட்டிருந்தமையால், யூனிக்ஸைச் சரக்காக விற்க இயலவில்லை. பல்கலைக்கழகங்களுக்குச் சிறு கட்டணத்தில், மூல நிரலோடு கூடவே கொடுத்தனர். மாணவர் அதனைப் படித்தனர், பிரித்துப் பார்த்தனர், திருத்தினர். 1984-இல் அந்நிறுவனம் பிரிக்கப்பட்டு அந்தத் தடை நீங்கியபோது யூனிக்ஸும் விலைச் சரக்காயிற்று. மூல நிரல் பூட்டப்படும் போக்கு நாற்புறமும் வளரக் கண்ட ரிச்சர்டு ஸ்டால்மன், எவரும் படிக்கவும் மாற்றவும் பகிரவும் உரிமையுள்ள இயங்குதளம் ஒன்றை ஆக்கப் போவதாக 1983 செப்டம்பரில் அறிவித்தார். குனு என்பது அதன் பெயர். அதற்குக் குறையாக இருந்த கருவை 1991-இல் எல்சிங்கி நகர மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதினார். அப்போது அவருக்கு வயது 21. அடுத்த ஆண்டு அக்கருவைக் குனுவின் பொது உரிமத்தின்கீழ் வெளியிட்டார். லினக்ஸ் என நாம் இன்று வழங்குவது இவ்விரண்டும் சேர்ந்தது.

மற்றொரு கிளை வாணிகக் கிளை. 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். தன் தனியாள் கணிப்பொறியை வெளியிட்டது. அதற்கு வேண்டிய இயங்குதளத்தை மைக்ரோசாப்ட் தானே புதிதாக எழுதவில்லை. டிம் பேட்டர்சன் என்பவர் எழுதியிருந்த ஒன்றை விலைக்கு வாங்கித் திருத்தித் தந்தது. அதைப் பிற பொறி செய்வோருக்கும் விற்கும் உரிமையை விட்டுக்கொடாது வைத்துக்கொண்டதே அந்நிறுவனத்தின் மதிநுட்பம். 1985-இல் விண்டோஸ் வந்தது. 1995-க்குப் பின் அது உலகெங்கும் பரவிற்று. இவற்றின் விரிவு வேறு நூல்களில் கிடைக்கும்.

பொறியைச் செய்தவர் விலகிப் போனால் என்ன ஆகும் என்பதை நம் நாடு ஒருமுறை நேரில் கண்டிருக்கிறது. அயல்நாட்டு நிறுவனங்கள் தம் பங்கைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று 1973-ஆம் ஆண்டின் அன்னியச் செலாவணிச் சட்டம் கூறிற்று. ஐ.பி.எம். அதற்கு இசையாது 1978-இல் இந்தியாவை விட்டு வெளியேறியது. அரசு அலுவலகங்களிலும் ஆய்வு நிலையங்களிலும் இருந்த அதன் பொறிகள் என்னாவது? 1975-இல் அரசு நிறுவியிருந்த கணிப்பொறிப் பராமரிப்புக் கழகமாகிய சி.எம்.சி. அவற்றின் பராமரிப்பை ஏற்றது. நம் பொறியாளர் பிறர் செய்த பொறிகளைத் திறந்து பார்த்துக் கற்றுக்கொண்டனர். அந்தக் கட்டாயம் நன்மையாக முடிந்தது என்றே நான் எண்ணுகிறேன். ஆனால் அது நாட்டுக்கு இருந்த வலிமை. தனி மாணவனுக்கு சி.எம்.சி. போன்ற துணை ஏதும் இல்லை என்பதையும் மறத்தல் கூடாது.

இனித் தமிழ் எழுத்தைப் பற்றிக் கூற வேண்டும். சற்று விரிவாகவே கூறுவேன். ஏனெனில் தமிழ் மாணவனுக்கு இயங்குதள மாற்றத்தின் உண்மையான இடர் இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

கணிப்பொறி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். எந்த எண் எந்த எழுத்து என்று ஓர் ஒப்பந்தம் வேண்டும். ஆங்கிலத்துக்கு அந்த ஒப்பந்தம் 1963-இலேயே ஏற்பட்டுவிட்டது. தமிழுக்கு 1980களிலும் 1990களிலும் எல்லாரும் பின்பற்றிய ஒப்பந்தம் இல்லை. ஒவ்வோர் எழுத்துருவாளரும் தமக்குத் தோன்றியவாறு ஆங்கில எழுத்துகளின் எண்களில் தமிழ் வடிவங்களை ஏற்றினர். பாமினி என்னும் எழுத்துரு அவ்வகையில் பெயர் பெற்றது. அதில் ‘அம்மா’ என அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத பொறியில் திறந்தால், எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என ஐந்து குறிகள் தோன்றும். மெய்யெழுத்தின் தலைப்புள்ளி ஆங்கிலத்தின் அரைப்புள்ளியாகிப் பக்கத்தில் வந்து நிற்கும். திருமண அழைப்பு, கோயில் மலர், பள்ளிவாசல் கணக்கு, முனைவர் பட்ட ஆய்வேடு எனத் தமிழ்நாட்டின் அச்சகங்களில் இவ்வாறு அடித்துக் குவித்தவை எத்தனை என்று யாரும் கணக்கிட்டதில்லை. பொறி பழுதானாலும், எழுத்துரு தொலைந்தாலும், இயங்குதளம் மாறினாலும் இவை யாவும் படிக்க இயலாத குறிக்கூட்டமாகும். நாணயம் செல்லாது போன பின்னும் பேரேட்டைப் படிக்க முடிந்தது. இங்கே பேரேடே ஊமையாகிவிடுகிறது.

இக்குறையைத் தீர்க்க முயன்றோர் பலர். மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985 முதல் முரசு என்னும் மென்பொருளை வளர்த்தார். வெளிநாடுகளில் வாழ்ந்த தமிழர் 1990களின் பிற்பகுதியில் மின்னஞ்சல் வழியே வாதாடி, டிஸ்கி என்னும் பொது ஒப்பந்தம் ஒன்றை வகுத்தனர். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழிணைய மாநாடு கூடியது. அதன் பயனாகத் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்னும் இரு குறியேற்றங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது. இதற்கு முன்பே, 1991-இல், உலக மொழிகள் அனைத்துக்குமான ஒருங்குறியில் தமிழுக்கு இடம் கிடைத்திருந்தது. விண்டோஸ் 2000 என்னும் பதிப்பு ஒருங்குறித் தமிழை லதா எழுத்துருவோடு தந்தது. அதே காலத்தில் தன்னார்வலர் சிலர் லினக்ஸின் முகப்பைத் தமிழாக்கத் தொடங்கினர். ஊதியம் பெறாது செய்த அப்பணியை நம் இலக்கிய வரலாறுகள் இன்னும் குறித்துக் கொள்ளவில்லை. 2010 ஜூன் மாதம் கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி, ஒருங்குறியையே தரமாகக் கொள்ளவும், அது பொருந்தாத இடங்களில் டேஸ் 16 என்னும் முறையைக் கையாளவும் அரசு ஆணையிட்டது. இன்று ஒருங்குறியில் எழுதிய தமிழ் எந்த இயங்குதளத்திலும் தமிழாகவே தோன்றும். தளம் மாறுவதைப் பற்றி இன்று நாம் அமைதியாக ஆராய முடிகிறதென்றால், அதற்கு இருபதாண்டுக் காலம் குறியேற்றத்துக்காக வழக்காடியவர்களே காரணர்.

எல்லையைப் பற்றிச் சொன்னேன். அது இயங்குதளத்தையும் பிரித்தது என்பது பலர் அறியாத செய்தி. தேங்காய்ப்பட்டணத்திலிருந்து கடற்கரையோடு மேற்கே சில கல் தொலைவு சென்றால் கேரளம். அங்கே 2001-இல் பள்ளிகளுக்கான தகவல் தொழில்நுட்பத் திட்டம் தொடங்கிற்று. சில ஆண்டுகளுக்குள் பாடமும் பத்தாம் வகுப்புச் செய்முறைத் தேர்வும் லினக்ஸ் தளத்துக்கு மாறின. இப்பக்கம் வேறு வரலாறு. தமிழ்நாடு அரசின் மின்னணுக் கழகமாகிய எல்காட், 2006-ஐ ஒட்டி, சி. உமாசங்கர் அதன் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, தன் அலுவலகத்தை லினக்ஸுக்கு மாற்றிக்கொண்டது. நடுவண் அரசின் சி-டாக் நிறுவனம், சென்னையில் பணி செய்து, பாஸ் என்னும் இந்திய லினக்ஸ் பதிப்பை 2007-இல் வெளியிட்டது. ஆனால் 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸும் பாஸும் ஒரே பொறியில் இரட்டையாக இடம்பெற்றன. பொறியைத் தொடங்கியவுடன் எது வேண்டும் என்று திரை வினவும். சில நொடிகளில் விடை தராவிடில் தானே ஒன்றைத் தேர்ந்து கொள்ளும். அத்திட்டத்தில் ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்ட மாணவர் பொறி பெற்றனர். ஆகவே ஒரே குடும்பத்தின் இரு கிளைகள் எல்லைக்கு இருபுறமும் இருந்தால், அங்குள்ள பிள்ளை லினக்ஸில் தேர்வெழுதும்; இங்குள்ள பிள்ளைக்கு லினக்ஸ் என்பது தொடக்கத் திரையின் திறக்கப்படாத இரண்டாவது வரி. அங்கு அது பாடம், இங்கு அது உடன் வந்த பொருள். கற்பிக்கப்படாத கருவியைக் கையில் கொடுப்பதில் பயன் சிறிது என்பதே என் கருத்து. இரண்டையும் கொடுத்த அரசின் நோக்கம் நல்லதாயினும் அவ்வாறே கூறுவேன்.

இப்பொழுது இக்கேள்வி மீண்டும் எழக் காரணம் உண்டு. விண்டோஸ் 10 பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வழங்குவதை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-இல் நிறுத்தியது. விரும்புவோர்க்கு 2026 அக்டோபர் வரை ஓராண்டு நீட்டிப்பு உண்டு என்றும் அப்போது அறிவித்தது. 2021-இல் வந்த விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், ஏறத்தாழ 2017-இன் பிற்பகுதிக்குப் பின் வந்த செயலியும் வேண்டும் என்று நிபந்தனை இடுகிறது. அண்ணன் பள்ளியில் பெற்று, அக்காள் கல்லூரியில் பயன்படுத்தி, இன்று தம்பியின் கைக்கு வந்திருக்கும் பொறி இந்நிபந்தனைக்கு உட்படாது. அது கெட்டுப்போகவில்லை, விசைகள் அழுந்துகின்றன, திரை ஒளிர்கிறது. ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்புக் குறைகளுக்கு அதில் மருந்து வராது. வங்கிக் கணக்கும் கல்வி உதவித்தொகை விண்ணப்பமும் அதே பொறியில் நடக்கும் வீட்டில் இது சிறு செய்தி அன்று. புதிய மடிக்கணினியின் விலை, கடலுக்குப் போகும் குடும்பத்துக்கும் கதம்பை வாங்கிக் கயிறு திரிக்கும் குடும்பத்துக்கும் பல மாத உழைப்பு.

அத்தகைய வீட்டில், பொறியைத் தூக்கி எறிவதைவிட லினக்ஸுக்கு மாறுவதே தகும் என்று நான் துணிந்து கூறுவேன். குறைந்த நினைவகத்திலும் இயங்கும் இலகுவான பதிப்புகள் அதில் உள்ளன. கட்டுரை எழுத லிபர் ஆபிஸ் உண்டு. இணைய உலாவி உண்டு. தமிழ்99 விசைப்பலகை உண்டு. நிரல் கற்போனுக்கோ அது விண்டோஸை விடவும் வளமான பள்ளிக்கூடம். மாணவன் தான் பயன்படுத்தும் தளத்தின் உட்கூற்றைத் திறந்து படிக்கலாம் என்பது எழுபதுகளின் பல்கலைக்கழக மாணவர்க்கு யூனிக்ஸ் தந்த அதே பேறு.

எனினும் எல்லார்க்கும் இது பொருந்தாது. வரைபடத்துக்கு ஆட்டோகேட் பயன்படுத்தும் கட்டடக்கலை மாணவன், கணக்கியலுக்கு டாலி கற்கும் வணிகவியல் மாணவி, தம் ஆசிரியர் குறிப்பிட்ட மென்பொருளிலேயே செய்முறை காட்டவேண்டிய நிலையில் உள்ளோர் ஆகியோர் அம்மென்பொருள் லினக்ஸில் இயங்குமா என்று முதலில் பார்க்க வேண்டும்; பெரும்பாலும் நேரடியாக இயங்காது. அலுவலகத்தார் அனுப்பும் வேர்டு ஆவணம் லிபர் ஆபிஸில் திறக்கும்; ஆனால் பட்டியல்களும் பக்கப் பிரிவும் சிறிது இடம் பெயரக்கூடும். விண்ணப்பத்தின் கடைசி நாளில் இதனைக் கண்டுபிடிப்பது துன்பம். பழைய அச்சுப்பொறிகளில் சில இணங்கும், சில பிணங்கும்.

பெரிய அமைப்புகளே இதில் தடுமாறியிருக்கின்றன. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003-இல் லினக்ஸுக்கு மாற முடிவு செய்தது. பத்தாண்டு உழைத்து, 2013-இல் ஏறத்தாழ 15,000 பொறிகளை மாற்றி முடித்தது. 2017-இல் மீண்டும் விண்டோஸுக்கே திரும்ப நகர மன்றம் வாக்களித்தது. லினக்ஸ் தோற்றது என்று இதற்குப் பொருள் கூறுவோர் உண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. அந்நகரத்தில் அரசியல் மாறியது. சுற்றியிருந்த அலுவலகங்களோ பழைய முறையிலேயே இருந்தன. தனியொருவர் 28 சக்கரம் 8 காசு என்று கணக்கிட்டுக் கொண்டிருக்கச் சுற்றியிருப்போர் எல்லாம் அணாவில் பேசினால், நாளெல்லாம் மாற்றுக் கணக்கே வேலையாகும். ஆயினும் தனி மனிதனுக்கு நகராட்சிக்கு இல்லாத வசதி ஒன்று உண்டு. அவன் பதினைந்தாயிரம் பேரைப் பயிற்ற வேண்டியதில்லை. தன்னை மட்டும் பழக்கிக்கொண்டால் போதும்.

அவ்வாறு பழக எண்ணுவோர், இருக்கும் தளத்தை அழித்துவிட்டுத் தொடங்க வேண்டா. லினக்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றி, வன்தட்டைத் தொடாமலே பொறியை அதிலிருந்து இயக்கிப் பார்க்கலாம். கம்பியில்லா இணையம் இணைகிறதா, ஒலி கேட்கிறதா, அச்சுப்பொறி அசைகிறதா, தமிழ் அடிக்க வருகிறதா என்பவை ஒரு மாலைப் பொழுதில் தெரிந்துவிடும். பின்னர் இரு தளங்களையும் ஒருங்கே சில மாதம் வைத்திருக்கலாம். அதற்கு முன்னர் கோப்புகள் யாவற்றுக்கும் வெளித்தட்டில் ஒரு படி எடுத்துக்கொள்வது இன்றியமையாதது.

பழைய தமிழ்க் கோப்புகளை வைத்திருப்போர்க்கு மற்றொரு வேலையும் உண்டு. மறைந்த தாத்தா அடித்து வைத்த குடும்ப வரலாறோ, ஊர்ச் சங்கத்தின் அறிக்கையோ பாமினியில் இருக்கலாம். பேஜ்மேக்கரில் பக்கம் கட்டப்பட்டிருக்கலாம். அம்மென்பொருளின் கடைசிப் பதிப்பு 2001-இல் வந்தது; 2004-இல் அடோபி நிறுவனம் அதன் வளர்ச்சியை நிறுத்திவிட்டது. அக்கோப்புகளைத் திறக்கும் மென்பொருளும் படிக்கும் எழுத்துருவும் பழைய விண்டோஸ் பொறியில்தான் இன்னும் உயிரோடு இருக்கின்றன. ஆதலால் அப்பொறி இயங்கும்போதே அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து, உரையை எழுத்துரு மாற்றிகளின் உதவியால் ஒருங்குறிக்குக் கொண்டுவந்து, பிழை பார்த்துச் சேமிக்க வேண்டும். இம்மாற்றிகள் இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. அவற்றில் கொம்பும் காலும் இடம் மாறி வரும் பிழைகள் மிகுதி; ‘கொ’, ‘கௌ’ போன்ற எழுத்துகளைக் கண்ணால் ஒப்பு நோக்கியே தீரவேண்டும். நூறு பக்கத்துக்குச் சில நாள் ஆகலாம். அது முடிந்தபின் பொறியில் எந்தத் தளத்தை ஏற்றினாலும் அந்தப் பக்கங்களுக்கு ஊறு இல்லை.